புதுப்பிப்பு: சோலார் ஹீட்டர் வால்வு மாற்றியாச்சு

மாடி சோலார் ஹீட்டரின் கேட் வால்வு (பல சுற்று திருகி மூடும் வகை) இறுகிவிட்டது, தொட்டியைக் காலி செய்யாமல் மாற்றலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? காலி செய்துதான் ஆக வேண்டும். கண்ணாடிக் குழாய் மாடல் என்பதால் முந்தின நாளே தார்ப்பாய் போட்டு மூடி, விடியற்காலையில் வடித்தோம். வெயிலில் காய்ந்த குழாயில் திடீரெனப் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் விரிசல்தான்.

கழற்றிய வால்வுக்குள் உப்பு கெட்டியாகப் படிந்து, வழி பென்சில் பருமனுக்குச் சுருங்கியிருந்தது. கோவையில் சிறுவாணி அணைத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. சூலூர்ப் பக்கம் எங்களுக்கு போர்த் தண்ணீர். "பித்தளை பால் வால்வே போட்டுக்குங்க, மாசம் ஒருக்கா திருப்பி உடுங்க" என்றார் பிளம்பர் அண்ணன். பால் வால்வு என்றால் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடும் வகை. இப்போது ஒழுகல் இல்லை.

அப்புறம், மேலே நிற்கும் காற்றுக் குழாயை யாரும் அடைத்துவிடாதீர்கள். வடிக்கும்போது காற்று புகாவிட்டால் தொட்டியே நசுங்கிவிடும்.