ஃபோல்அவுட் 4: 210 வருசமாக் கூரையோட நிக்கிற பலகை வீடு

கல்முனை கேமர்:
ஃபோல்அவுட் 4 திரும்ப விளையாடுறன். 2077ல அணுகுண்டு, கதை நடக்கிறது 2287ல. பொஸ்டன் பக்கத்துக் கொன்கோர்ட்ல பலகை வீடெல்லாம் கூரையோட நிக்குது. த லாஸ்ட் ஒஃப் அஸ் கேம்லயும் அதே பொஸ்டன்தான். நோய் பரவி 20 வருசம்தான், வீதியெல்லாம் காடு. எது சரி? கட்டிட வேலை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

அக்கரைப்பற்றான்:
கூரை இல்லாட்டி உள்ள போய் என்னத்தத் தேடுற? விடு மச்சான்.

கல்லடி மேசன்:
தம்பி, மகன் விளையாடக்குள்ள நானும் பின்னால நிண்டு பார்க்கிறனான். முதல்ல போறது கூரைதான். ஓடு ஒண்டு விலகினாக் காணும், மாரிக்கு ஓடு தாங்குற சிலாகை உக்கும், மிச்சத்தக் கறையான் பார்த்துக்கொள்ளும். பிறகு சுவர் வெடிப்புக்குள்ள ஆலங்கண்டு. இதுக்கு 200 வருசம் தேவையில்ல, மட்டக்களப்புப் படுவான்கரையில சண்டைக்குள்ள விட்டுட்டுப் போன வீடுகளப் பார்த்த ஆக்களக் கேளுங்க. அதவிட, காலம் தின்ன முதல் ஆக்கள் கழட்டிருவாங்க: கதவு, யன்னல், ஓடு, வயர், கிணத்துக் கப்பி. 210 வருசமா ஆக்கள் உலாவுற ஊருல கதவு பிணைச்சலோட கிடக்குமா?

கொங்கிரீட்டும் அப்பிடித்தான். கடற்கரையில உப்பு உள்ள இறங்கிக் கம்பியப் பிடிக்கும். துரு, இரும்பவிட ரெண்டு மூண்டு மடங்கு இடம் கேக்கும், கொங்கிரீட் பிளக்கும். கடல் மணல் போட்ட பீம் எண்டா இன்னும் கெதியா. எங்கட மட்டக்களப்புக் கோட்டை 1628ல போத்துக்கீசர் தொடங்கினது, சுவருக்குள்ள கம்பியே இல்ல, நிக்குது. கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) கனகாலம் அதுக்குள்ளதான் நடந்தது, அதால ஆக்கள் பார்த்துக்கொண்டாங்க.

அக்கரைப்பற்றான்:
அண்ணன், பொஸ்டன் மட்டக்களப்பு இல்லையே. அங்க பக்கத்துல டெடம் எண்ட ஊருல ஃபெயர்பாங்க்ஸ் வீடு கிடக்கு, 1600கள்ல கட்டின மரவீடு, இன்னும் நிக்குது.

கல்லடி மேசன்:
நிக்கும், பராமரிக்க ஆக்கள் இருக்காங்களே. கூரை எத்தின தரம் மாத்தியிருப்பாங்க? குளிர் ஊரெண்டாலும் மழைத்தண்ணி உள்ள போய் உறைஞ்சா 9 வீதம் பெருக்கும், வெடிப்ப இன்னும் அகட்டும்.

கல்முனை கேமர்:
அப்ப லாஸ்ட் ஒஃப் அஸ்தான் கிட்டவா?

கல்லடி மேசன்:
காட்டுக்கு 20 வருசம் காணும், அத நம்பலாம். ஆனா அந்தக் கேம்ல வாற சாஞ்ச மாடிக்கட்டிடத்துக்குள்ள என்ன சம்பளம் தந்தாலும் நான் கால் வைக்கமாட்டன்.