சனிக்கிழமை பிள்ளைகள் கையால் பழ இனிப்பு (எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து)

தங்கச்சி: சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் அம்மா வீட்டுக்கு வருகிறார்கள்தானே. நாள் முழுக்க போனும் கையுமாக உட்காராமல் அவர்களே ஏதாவது பழ இனிப்பு செய்யட்டும் என்று பார்க்கிறேன். ஆனால் அங்கே பிரிட்ஜ் இல்லை, லயத்து அடுப்படியில் இத்தனை பேர் நிற்கவும் இடமில்லை. அண்ணி, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், சொல்லுங்கள்.

அண்ணி: பிரிட்ஜ் எதற்கு? கடற்பாசி வாங்குங்கள், அகர் அகர் என்று கடையில் விற்பதுதான். சூடு 40 பாகைக்குக் கீழே இறங்கினாலே அது உறையத் தொடங்கிவிடும், தலவாக்கலைக் குளிரில் ஜன்னலோரம் வைத்தால் போதும். உறைந்த பிறகு வெயில் பட்டாலும் உருகாது, திரும்ப உருக வேண்டுமென்றால் 85 பாகை வரை சூடாக்க வேண்டும்.

தம்பி: அப்படியென்றால் தோடம்பழக் கிண்ணம் செய்யலாம் அண்ணி, போன முறை உங்கள் வீட்டில் செய்தீர்களே.

அண்ணி: அதைத்தான் சொல்ல வந்தேன். தோடம்பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி நீங்கள் கொடுத்துவிடுங்கள், சாறு பிழிவதும் உள்ளே இருக்கிற சக்கையைக் கரண்டியால் சுரண்டுவதும் பிள்ளைகள் வேலை. அடித்தோல் ஓட்டையாகாமல் மெதுவாகச் சுரண்டச் சொல்லுங்கள், ஓட்டை விழுந்தால் எல்லாம் ஒழுகிவிடும். வெறும் கோதுகளை தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஒவ்வொன்றாக உட்கார வைத்தால் சரியாது. 10 கிராம் கடற்பாசியை முக்கால் லீற்றர் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஒரு நாரும் தெரியாதபடி கொதிக்க விட்டுச் சீனி போட்டு இறக்குங்கள். இறக்கிய பிறகுதான் கால் லீற்றர் சாறு சேர்க்க வேண்டும், புளிப்போடு சேர்த்துக் கொதிக்க விட்டால் கடற்பாசி சரியாக இறுகாது. சாறு குளிர்ந்து போயிருந்தாலும் கட்டி கட்டியாகிவிடும், அதனால் முதலிலேயே பிழிந்து அடுப்புப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கோதில் ஊற்றுவது மட்டும் பெரியவர்கள் வேலை, சுடுகிற கடற்பாசி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு மோசமாகச் சுட்டுவிடும். நன்றாக இறுகியதும் கோதோடு சேர்த்துத் துண்டு போட்டுக் கொடுத்துப் பாருங்கள், பழச்சுளை மாதிரியே இருக்கும், பிள்ளைகள் விடவே மாட்டார்கள்.

தம்பி: எங்கள் வீட்டில் அன்னாசி ஒன்று நன்றாகப் பழுத்திருக்கிறது. அதையும் போடலாமா?

அண்ணி: கடற்பாசி என்றால் தாராளமாகப் போடலாம். கடையில் வாங்கும் ஜெலி பக்கெட்டில் மட்டும் பச்சையாகப் போட்டுவிடாதே. அது ஜெலட்டின், அதாவது புரதம். அன்னாசியில் இருக்கிற புரோமிலெய்ன் என்கிற நொதி புரதத்தை வெட்டிவிடும், விடிய விடிய வைத்தாலும் தண்ணியாகவே கிடக்கும். பப்பாசியும் அப்படித்தான். சில நிமிடம் கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும், அப்புறம் பயமில்லை. டின் அன்னாசி ஏற்கனவே சூடாக்கியதுதான், அதனால் அதைப் போட்டாலும் ஜெலி உறையும்.

பெரியக்கா: தயிருக்கும் இதே கதைதான். அன்னாசியைப் போட்டு வைத்துவிட்டால் தயிர் கசந்துவிடும், சாப்பிடும் நேரத்தில் மேலே போட்டால் போதும். நான் சட்டித் தயிர் கொண்டு வருகிறேன். கண்ணாடி கிளாஸில் ஒரு அடுக்குத் தயிர், ஒரு அடுக்கு வாழைப்பழம், ஒரு கரண்டி பேஷன் புரூட், மேலே கித்துள் பாணி என்று ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்துவிட்டால் சின்னதுகூடத் தானே அடுக்கும். வாழைப்பழம் கறுக்காமல் இருக்கத் தேசிக்காய்ச் சாறு கொஞ்சம் பிரட்டிவிட வேண்டும்.

தங்கச்சி: அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதே அக்கா, பாணி கொடுக்கலாமா?

பெரியக்கா: வேண்டாம். கித்துள் என்றாலும் சீனி சீனிதான், உடம்பு அதற்கெல்லாம் வித்தியாசம் பார்க்காது. அம்மாவுக்குச் சீனி போடாத தயிரில் கொய்யாவை நறுக்கிப் போட்டு, ஒரு சொட்டுத் தேசிக்காய் விட்டு வேறு கிளாஸ் செய்யட்டும். அதையும் பிள்ளைகளே செய்தால்தான் அவர் சந்தோஷமாகச் சாப்பிடுவார்.

பெரியக்கா: மகள் ஏதோ சொல்லணும் என்று நிற்கிறாள், போனை வாங்கிக்கொண்டாள்

பெரியக்கா: சித்தி நான்தான் மரத்தக்காளி செய்யட்டுமா அதைப் பாதியா வெட்டினா உள்ளே கறுப்பு விதை கறுப்பா சிவப்பா தண்ணி இருக்கும் அதுல சீனி போட்டு வச்சா கொஞ்ச நேரத்துல எல்லாம் ரத்தச் சிவப்பா ஆயிடும் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும் அம்மாயி வீட்டு மரத்துலயே இருக்கு

தங்கச்சி: செய்யுங்க குட்டி, அது உங்க பொறுப்பு. தோலைச் சாப்பிட வேண்டாம், கசக்கும். கரண்டியால் தோண்டிச் சாப்பிடணும்.

அண்ணி: குட்டிக்கு ஒரு வேலை கூடச் சொல்கிறேன். சீனி தூவியதும் அப்படியே வைத்து, எப்போது சாறு ஊறுகிறது என்று பார்க்கட்டும். சீனி பழத்துக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கிறது, அதனால்தான் தட்டு சிவக்கிறது. அவளுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்கும்.

தம்பி: எங்கள் சின்னவன் எதையும் பொறுமையாகப் பார்க்க மாட்டான், கையில் பிசைந்தால்தான் அவனுக்கு வேலை.

அண்ணி: சமபோஷா உருண்டை கொடு, கடையில் பக்கெட்டில் விற்கிற சத்து மாதான். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டை அவனே பிசையட்டும், சமபோஷாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் துருவின தேங்காயும் சேர்த்து உருட்டினால் சரி. தண்ணீர் வேண்டாம், பழத்தின் ஈரமே போதும், பழம் இனித்தால் சீனியும் வேண்டாம். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மா. தேங்காய் போட்டதால் அன்றைக்கே தின்று முடித்துவிட வேண்டும்.

தங்கச்சி: கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்து மா எங்களிடம் இருக்கிறது, அதில் செய்யலாம்தானே?

பெரியக்கா: அது பாப்பாவின் நிறைக்காகக் கொடுத்தது தங்கச்சி, அவளுக்கே இருக்கட்டும். எல்லாருக்கும் கடையில் சமபோஷா வாங்குவோம். அப்புறம் ஒன்று, திராட்சை வாங்கினால் ஐந்து வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு நீளவாக்கில் வெட்டித்தான் கொடுக்க வேண்டும், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இதை எல்லாரும் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கத்தி பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கரண்டி போதும்.

தம்பி: சரி. அன்னாசி, சமபோஷா, தேங்காய் நான்.

பெரியக்கா: தயிர், பாணி, கிளாஸ் எல்லாம் நான்.

தங்கச்சி: கடற்பாசியும் வாழைப்பழமும் நான். அண்ணி, தோடம்பழம் எத்தனை வேண்டும்?

அண்ணி: எட்டு எடு, ஆளுக்கு இரண்டு கோது வரும். தோல் தடித்த பழமாகப் பார்த்து எடு, மெல்லிய தோல் சுரண்டும்போது கிழிந்துவிடும். பேஷன் புரூட் எங்கள் வேலியிலேயே காய்த்துக் கிடக்கிறது, நான் பறித்து வருகிறேன்.