சங்கு மெஷ்ஷில் (முக்கோண வலையில்) வெளிச்சம் தப்பாக விழுகிறது. நார்மலை (பரப்புக்குச் செங்குத்தான திசையை) எப்படிக் கணக்கிடுவது?

கீழக்கரை_சங்குக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் வாப்பா காலத்திலிருந்தே சங்கு வியாபாரம். தென்கடலில் குளியாட்கள் மூழ்கி எடுத்து வரும் சங்கை வாங்கி, வளையல் அறுப்பதற்கு வங்காளத்துக்கு அனுப்புவோம். இப்போது கடைக்கு ஓர் இணையப் பக்கம் செய்கிறேன். வெறும் புகைப்படம் போட எனக்கு மனமில்லை. விரலால் சுழற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு முப்பரிமாணச் சங்கு வேண்டும். மேல்தோல் நீக்கி மெருகேற்றிய சங்கைக் கையில் வைத்துத் திருப்பினால், வெளிச்சம் அந்த வளைவில் எங்கும் தடுக்காமல் நகர்ந்து போகும். அது திரையில் வந்தே ஆக வேண்டும்.

ஸ்கேன் எதுவும் இல்லை. இணையப் பக்கத்தில் முப்பரிமாணம் காட்டும் த்ரீ.ஜேஎஸ்ஸில் சூத்திரத்தை வைத்தே உருவாக்குகிறேன். ஒரு நீள்வட்டக் குறுக்குவெட்டு, ஒய் அச்சைச் சுற்றிக்கொண்டே பெரிதாகிறது. அச்சைச் சுற்றும் கோணம் தீட்டா, குறுக்குவெட்டைச் சுற்றும் கோணம் ஃபை. தீட்டா ஏற ஏற அளவு அடுக்குக்குறியில் வளர்கிறது. புள்ளிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முக்கோணமாக வெட்டி, கடைசியில் நார்மலைக் கணக்கிடும் கம்ப்யூட்வெர்டெக்ஸ்நார்மல்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன்.

உருவம் அச்சு அசலாகச் சங்குதான். வெளிச்சம்தான் வரவில்லை. நுனியிலிருந்து வாய்வரை சுருளோடு சேர்ந்தே ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது, விரிசல் விட்ட சரக்கு என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார்கள். நுனியை மூடுவதற்காக முதல் வளையத்தின் புள்ளிகளை எல்லாம் ஒரே இடத்தில் குவித்திருக்கிறேன். அங்கே கறுப்பாக ஒரு கீற்று, அதைச் சுற்றிக் குடைக்கம்பி மாதிரி மடிப்புகள்.

அப்புறம் வலம்புரி. அது சாதாரணச் சங்கின் கண்ணாடிப் பிம்பம்தானே என்று ஜியாமெட்ரியை, அதாவது எல்லாப் புள்ளிகளையும், எக்ஸ் அச்சில் மைனஸ் 1 ஆல் பெருக்கினேன். வெளிப்பரப்பு மறைந்து உள்பரப்பு தெரிகிறது. மெட்டீரியலை, இரு பக்கமும் தெரியும்படி, டபுள்சைடு ஆக்கினால் வெளிப்பரப்பு வருகிறது, ஆனால் விளக்கு இருக்கும் பக்கம் இருட்டாகவும் எதிர்ப்பக்கம் வெளிச்சமாகவும் இருக்கிறது. இந்த மூன்றும் வெவ்வேறு கோளாறா, ஒன்றிலிருந்து கிளைத்ததா?

தொண்டி_கோடர்:

பெருக்கிய பிறகு கம்ப்யூட்வெர்டெக்ஸ்நார்மல்ஸை இன்னொரு தடவை கூப்பிடுங்கள், டபுள்சைடு அப்படியே இருக்கட்டும், வலம்புரி சரியாகிவிடும். கோட்டுக்குப் புள்ளி எண்ணிக்கையைக் கூட்டுங்கள், மெலிந்துவிடும்.

கீழக்கரை_சங்குக்கடை:

நன்றி காக்கா. வலம்புரிக்கு நீங்கள் சொன்னது வேலை செய்கிறது, ஆனால் ஏன் என்று புரியவில்லை. புள்ளிகளைக் கூட்டினால் கோடு மெலிகிறது, போகவில்லை. மேலும் கூட்டினால் சாதாரண போனில் சுழற்சி தடுக்குகிறது. எங்களிடம் வாங்குபவர்களில் பலர் சாதாரண போன்தான் வைத்திருக்கிறார்கள்.

பாம்பன்_ஷேடர்:

தம்பி, முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், வலம்புரி வேறு கதை. உங்களிடம் பரப்பின் சூத்திரமே இருக்கிறது. அதை விட்டுவிட்டு முக்கோணங்களிடம் போய் நார்மல் கேட்கிறீர்கள். முக்கோணத்துக்குத் தன் மூன்று மூலைகளுக்கு மேல் எதுவும் தெரியாது.

அந்த ஃபங்ஷன் உள்ளே செய்வது இதுதான். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் இரண்டு விளிம்புகளை எடுத்துக் குறுக்குப் பெருக்கல் போடுகிறது. கிடைக்கும் வெக்டர் முக்கோணத்துக்குச் செங்குத்தாக நிற்கும், அதன் நீளம் முக்கோணப் பரப்பளவின் இரண்டு மடங்கு. அந்த நீளத்தைக் குறைக்காமலே மூன்று மூலைகளிலும் கூட்டிச் சேர்க்கிறது. அதனால் பெரிய முக்கோணத்தின் பேச்சு அதிகம் எடுபடும். எல்லாம் சேர்ந்தபின் ஓரலகு நீளத்துக்குக் கொண்டுவருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, யார் யாருக்கு அக்கம்பக்கம் என்பதை அது இன்டெக்ஸை (புள்ளியின் வரிசை எண்ணை) வைத்தே முடிவு செய்கிறது. இரண்டு வெர்டெக்ஸ் (மூலைப்புள்ளி) ஒரே இடத்தில் இருந்தாலும் இன்டெக்ஸ் வேறு என்றால் அதற்கு அவை வேறு வேறு ஆள்.

உங்கள் கோடு அங்கிருந்துதான் வருகிறது. ஃபை 0-வில் ஒரு வரிசை, 360 டிகிரியில் இன்னொரு வரிசை, இரண்டும் ஒரே இடம். ஒரு வரிசைக்கு வலப்பக்க முக்கோணங்கள் மட்டும் தெரியும், மற்றதற்கு இடப்பக்கம் மட்டும். இரண்டு நார்மலும் கொஞ்சம் விலகி நிற்கின்றன. தொண்டிக்காரர் சொன்னது உண்மை, கட்டம் சிறுத்தால் விலகலும் சிறுக்கும். ஆனால் மெருகுப் பரப்பில் அந்தச் சின்ன விலகலையும் கண் பிடித்துவிடும்.

நுனியிலும் இதே கதை. புள்ளிகளைக் குவித்ததால் அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முக்கோணம் பரப்பளவே இல்லாமல் சுருங்கிவிட்டது. அது கொடுப்பது பூஜ்ய வெக்டர். ஒரு வெர்டெக்ஸுக்கு அந்த மாதிரி முக்கோணம் மட்டுமே வாய்த்தால் அதன் நார்மலும் பூஜ்யம். நிறத்தைக் கணக்கிடும் ஷேடரில் பூஜ்யத்தை நார்மலைஸ் செய்தால் (ஓரலகு நீளமாக்கினால்) என்ன வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, பல போன்களில் கறுப்புதான். மற்ற நுனி வெர்டெக்ஸ்களுக்கு ஒவ்வொரு முக்கோணம்தான் கிடைக்கிறது, அதுதான் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது.

மூலைகளில் சராசரி எடுக்கும் இந்த வழி 1971-இல் ஹென்றி கூரோ ஷேடிங் முறையைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இருக்கிறது. பலகோணங்கள் மட்டும் கையில் இருந்து, அசல் வளைவு தெரியாதபோது அதைவிட எளிய வழி கிடையாது. உங்கள் நிலைமை வேறு. உங்கள் பரப்பு இதுதானே:

ப(தீட்டா, ஃபை) = வளர்ச்சி(தீட்டா) × திருப்பம்(தீட்டா) × வெட்டு(ஃபை)

வளர்ச்சி என்பது ஈ-யின் க·தீட்டா அடுக்கு. திருப்பம் ஒய் அச்சைச் சுற்றிய சுழற்சி. வெட்டு உங்கள் நீள்வட்டம். தொல்லுயிரியலாளர் டேவிட் ராப் 1966-இல் சிப்பிச் சுருள்களை நான்கு அளவுகளில் அடக்கிக் காட்டினார், உங்களுடையது அந்தக் குடும்பம்தான்.

நார்மல் என்பது இந்தப் பரப்பின் இரண்டு பகுதி வகைக்கெழுக்களின் குறுக்குப் பெருக்கல். தீட்டாவைப் பொறுத்த வகைக்கெழுவுக்குப் பெரிய கணக்கே வேண்டாம். வளர்ச்சியை வகையிட்டால் க × ப. திருப்பத்தை வகையிட்டால் அச்சு × ப, அதாவது (இசட், 0, மைனஸ் எக்ஸ்). இரண்டையும் கூட்டினால் முடிந்தது. ஃபையைப் பொறுத்த வகைக்கெழுவுக்கு நீள்வட்டத்தின் தொடுகோட்டை எடுத்து அதே அளவு வளர்த்து, அதே அளவு திருப்ப வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வளர்ச்சி எல்லாத் திசையிலும் சமமாக நடக்கிறது. சமமாகப் பெரிதாக்கினால் எந்தப் பரப்பின் நார்மலும் திசை மாறாது. ஆகவே தீட்டா 0-வில் உள்ள ஒரே ஒரு வளையத்துக்கு நார்மல் கண்டுபிடித்தால் போதும். மற்ற எல்லா வளையத்துக்கும் அதே நார்மல்களைத் தீட்டா அளவு திருப்பி வைத்துக்கொள்ளலாம். நுனிக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் நார்மல் கெடாது, ஏனென்றால் வளர்ச்சிக் காரணி கணக்கிலேயே வரவில்லை. 0-வுக்கும் 360-க்கும் ஒரே தொடுகோடு, அதனால் கோடும் இருக்காது. சங்கு தன் உருவம் மாறாமலே வளர்வதால் கிடைக்கிற வசதி இது, விட்டுவிடாதீர்கள்.

குறுக்குப் பெருக்கலில் வரிசை மாறினால் நார்மல் உள்ளே பார்க்கும். வளையத்தின் மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு வெக்டர் எடுத்து நார்மலோடு புள்ளிப் பெருக்கல் போடுங்கள். மைனஸ் வந்தால் வரிசையை மாற்றுங்கள்.

இப்போது வலம்புரி. வெளியிலிருந்து பார்க்கும்போது மூலைகள் கடிகார எதிர்த்திசையில் வரிசையாக வந்தால் அது முக்கோணத்தின் முன்பக்கம், ஓப்பன்ஜிஎல் காலத்து வழக்கம். கண்ணாடிப் பிம்பம் எடுத்ததும் வரிசை கடிகாரத் திசையாகிவிட்டது. ஆகவே வெளிப்பரப்பு பின்பக்கம் என்று கணக்காகி மறைந்தது. நார்மல்கள் பிம்பத்தோடு சேர்ந்து சரியாகவே மாறி வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. டபுள்சைடு போட்டதும் ஷேடர், இது பின்பக்கம் என்று நினைத்து அவற்றை உள்ளே திருப்பியது. அதனால்தான் வெளிச்சம் எதிர்ப்பக்கம். மறுபடி கணக்கிட்டபோது நார்மலே தலைகீழாக வந்தது, ஷேடர் அதை இன்னொரு தடவை திருப்பியது, பார்க்கச் சரியாகிவிட்டது. அதை நம்பி விடாதீர்கள். ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டாவது, மூன்றாவது இன்டெக்ஸை இடம் மாற்றுங்கள், நார்மலை மறுபடி கணக்கிடாமல் பிம்பத்தோடு மாறியதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜியாமெட்ரியைத் தொடாமல் மெஷ்ஷின் ஸ்கேல் எக்ஸை மைனஸ் 1 ஆக்குங்கள். அப்போது த்ரீ.ஜேஎஸ் மேட்ரிக்ஸின் டிட்டர்மினன்ட் (அணிக்கோவை) மைனஸா என்று பார்த்து முன்பக்க விதியைத் தானே மாற்றிக்கொள்ளும். சங்கின் வாய் திறந்திருப்பதால் உள்பக்கம் தெரிய டபுள்சைடு எப்படியும் வேண்டும்.

விளக்கு வைப்பதற்கு முன்னால் மெஷ்நார்மல்மெட்டீரியல் போட்டுப் பாருங்கள். திசைகள் நிறமாகத் தெரியும். நிறம் எங்காவது வெட்டி மாறினால் கோளாறு அங்கே.

கீழக்கரை_சங்குக்கடை:

அக்கா, கோடு போய்விட்டது! நுனியும் சுத்தம். வாப்பாவிடம் காட்டினேன், போனை வாங்கி அவரே ரொம்ப நேரம் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்து, தோல் நீக்காத சங்கில் தெரிகிற வளர்ச்சி வரிகளையும் போட ஆசை. குறுக்குவெட்டின் ஆரத்தை, 1 கூட்டல் சின்ன அளவு சைன்(ந·தீட்டா) என்பதால் பெருக்கினேன். ஓரத்தில் பார்த்தால் மேடு பள்ளம் தெரிகிறது. ஆனால் நேராகப் பார்த்தால் வெளிச்சத்தில் எதுவுமே தெரியவில்லை, பரப்பு வழவழப்பாகவே இருக்கிறது.

பாம்பன்_ஷேடர்:

முதல் வளையத்தைத் திருப்பி எடுத்த நார்மலையே வைத்திருப்பீர்கள். வரிகள் வந்ததும் வெட்டு தீட்டாவுக்கேற்ப மாறுகிறது, அந்தக் குறுக்குவழி இனிச் செல்லாது. தீட்டா வகைக்கெழுவில் மூன்றாவது உறுப்பு ஒன்று சேர்கிறது: வெட்டைத் தீட்டாவைப் பொறுத்து வகையிட்டு, வளர்த்து, திருப்பியது. சைன் கொசைனாகும், முன்னால் ந வரும். இந்த ந-வை விட்டுவிடாதீர்கள், வரியின் ஆழம் வெளிச்சத்தில் தெரிவது அதனால்தான். ஃபை வகைக்கெழுவிலும் அந்தப் பெருக்குக் காரணி வர வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் ஏழெட்டு வளையமாவது இருக்கட்டும். அதைவிட நுணுக்கமான வரி வேண்டுமானால் மெஷ்ஷில் போடாதீர்கள், நார்மல் மேப்பில் (நார்மலை மட்டும் மாற்றும் படத்தில்) போடுங்கள். போன் தாங்கும்.

மண்டபம்_மாடலர்:

நடுவில் நுழைகிறேன். புதிய பாம்பன் பாலத்தை மாடல் செய்கிறேன். 72.5 மீட்டர் தூக்குப் பகுதி, இரும்புச் சட்டங்கள் முழுக்க. வேறு மென்பொருளில் செய்து கொண்டுவந்த மெஷ், சூத்திரம் எதுவும் இல்லை. ஒரே இடத்துப் புள்ளிகளை ஒன்றாக்கும் மெர்ஜ்வெர்டிசஸ் செய்து நார்மல் கணக்கிட்டால் சட்டங்களின் மூலைகள் உருண்டு தெரிகின்றன, தட்டையான முகத்தில் அழுக்கு மாதிரி நிழல் ஏறுகிறது. சில இடத்தில் மெர்ஜ் ஆகவே இல்லை.

பாம்பன்_ஷேடர்:

உங்களுக்குச் சங்குக்கு நேர் எதிர் வேலை. 90 டிகிரியில் சந்திக்கும் இரண்டு முகங்களுக்குச் சராசரி எடுக்கவே கூடாது. மூலையில் வெர்டெக்ஸைப் பிரித்து ஒவ்வொரு முகத்துக்கும் அதன் நார்மலைக் கொடுக்க வேண்டும். பஃபர்ஜியாமெட்ரியூட்டில்ஸில் டூகிரீஸ்டுநார்மல்ஸ் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் கோணத்துக்கு மேல் மடங்கிய விளிம்பைக் கூராக விடும், மற்றதை மழுப்பும். ஒன்றும் கொடுக்காவிட்டால் 60 டிகிரி. இரும்புச் சட்டத்துக்கு 30 வைத்துப் பாருங்கள். அப்போதுதான் 45 டிகிரியில் செதுக்கிய ஓரங்களும் கூராக நிற்கும்.

மெர்ஜ் ஆகாத இடங்களில் இருப்பிடம் ஒன்றாகவும் யூவியோ (டெக்ஸ்சர் ஒட்டும் ஆயமோ) பழைய நார்மலோ வேறாகவும் இருக்கும். அந்த ஃபங்ஷன் எல்லா அட்ரிபியூட்டையும் ஒப்பிடும். நார்மலை முதலில் நீக்கிவிட்டு மெர்ஜ் செய்யுங்கள். டெக்ஸ்சர் இல்லையென்றால் யூவியையும் நீக்கிவிடலாம்.

உருளையான கம்பிகளில் நீள முக்கோணமும் குட்டி முக்கோணமும் கலந்திருந்தால், பரப்பளவு எடையால் நார்மல் பெரியதன் பக்கம் சாயும். அங்கே ஒவ்வொரு முக்கோணமும் அந்த மூலையில் எவ்வளவு கோணம் அடைக்கிறதோ அதை எடையாக வைத்துக் கூட்டுங்கள். அதற்கு நீங்களே ஒரு சின்ன லூப் எழுத வேண்டியிருக்கும். எழுதினால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.