ராட்சதக் கணவாய்: 800 மீட்டரில் கேமரா இறக்க எந்த வெளிச்சம், எந்த இரை?

அலையாத்தி:
மிதவையிலிருந்து கயிற்றில் கேமராவைத் தொங்கவிட்டு ராட்சதக் கணவாயைப் பதிவு செய்யும் முறை பற்றி விளக்கம் தேவை. ஆர்.ஓ.வி.க்கள் (கப்பலிலிருந்து இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கி வண்டிகள்) எத்தனையோ ஆண்டுகளாக அந்த ஆழத்தில் உலவியும் அவற்றில் இது அரிதாகவே படுகிறது. 2012இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளருகிலும் 2019இல் மெக்சிகோ வளைகுடாவிலும் அது ஆழத்தில் காணொளியாகச் சிக்கியது எப்படி? சிவப்பு விளக்கு போதுமா? இரையாக எதைக் கட்டுவது?

நீலத்திரை:
சிவப்பு போதும், ஆனால் எந்தச் சிவப்பு என்று பார்க்க வேண்டும். இதன் கண் 27 செ.மீ. வரை அகலமுள்ளது. ஆழத்தில் மிஞ்சும் வெளிச்சமும் உயிரொளியும் (உயிரினங்கள் தாமே உமிழும் ஒளி) பெரும்பாலும் நீலம்தான், அலைநீளம் 480 நானோமீட்டர் பக்கம். கண்ணும் அதற்கே பழகியது. கடையில் கிடைக்கும் 620 நானோமீட்டர் சிவப்பை நம்பாதீர்கள், 680க்குப் போங்கள். அதற்கு ஒரு விலை உண்டு. 2 மீட்டர் தள்ளி நிற்கும் உடலில் பட்டுத் திரும்புவதற்குள் தண்ணீரே அந்த ஒளியைக் குடித்துவிடும், ஆறில் ஒரு பங்குதான் கேமராவுக்கு வந்து சேரும். ஆகவே கறுப்பு வெள்ளை சென்சார் வேண்டும். அதன் முன்னுள்ள அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். அது 650ஐத் தாண்டியதுமே வெட்டத் தொடங்கும். கழற்றாமல் இறக்கினால் வெறும் இருட்டுதான் பதிவாகும். விளக்கை லென்ஸை ஒட்டி வைத்தால் மிதக்கும் துகள்கள் பனிமூட்டம்போல் படத்தை மறைக்கும். இரு பக்கமும் நீட்டிய கம்பிகளில் தள்ளிப் பொருத்துங்கள்.

ஆர்.ஓ.வி.யின் சிக்கல் வெள்ளை விளக்கோடு முடியவில்லை. உந்திகளின் இரைச்சல் ஒருபுறம். அவை கிளப்பும் சுழிப்பில் சிற்றுயிர்கள் ஒளிர்ந்து, வண்டி வருவதைத் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும்.

முத்துக்குளி:
இரைக்கு இரண்டு வழிகள் பலித்திருக்கின்றன. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் குபோதேராவும் மோரியும் ஒகசவாரா அருகே 900 மீட்டரில் சிறு கணவாயையும் நசுக்கிய இறாலையும் கட்டி, 30 நொடிக்கு ஒரு படம் எடுத்தார்கள். தூண்டிலில் சிக்கிய விலங்கு நாலு மணி நேரத்துக்கு மேல் போராடி, 5.5 மீட்டர் நீளக் கையை அறுத்துக்கொண்டு போனது. படம் கிடைத்தது, விலங்குக்குக் காயம். எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை.

மற்றது அமெரிக்கக் கடல் உயிரியலாளர் எடித் விடர் கையாண்ட போலி ஜெல்லி. அட்டோலா என்ற ஜெல்லிமீனைக் கடித்தால் அது நீல ஒளியை வளையமாகச் சுழற்றும். கடிப்பவனைப் பிடிக்க அவனைவிடப் பெரியவன் வருவான். வட்டமாகப் பதித்த நீல எல்.இ.டி.க்களை அப்படி ஓடவிட்டதும், 2019இல் 759 மீட்டரில் ஒரு இளம் கணவாய் ஏறக்குறைய 6 நிமிடம் பின்தொடர்ந்து வந்து பாய்ந்தது. அது கண்ணை நம்பியும் வேட்டையாடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அலையாத்தி:
நன்றி. கயிற்றிலும் கேமராப் பெட்டியிலும் எது கைவிடும்?

நெய்தல்:
முதலில் அலை. மிதவையின் குதிப்பு கயிறு வழியே கீழே இறங்கிப் படத்தைக் குலுக்கும். மிதவைக்கும் கயிற்றுக்கும் நடுவே நீளும் ரப்பர் கயிறு கட்டி, கேமராவைத் தாங்கும் சட்டகத்துக்கு அடியில் எடை தொங்கவிடுங்கள். 800 மீட்டரில் அழுத்தம் கடல் மேற்பரப்பில் உள்ளதைப்போல் சுமார் 80 மடங்கு. பெட்டியின் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் புகும். மூடும் அறை ஈரமாக இருந்தால் குளிரில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும், சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள்.

அளவெடுக்கப் பச்சை லேசர் வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியும். போலி ஜெல்லியைத் தாங்கும் கம்பியின் நீளத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம், ஆனால் கணவாய் அதைத் தொடும் நொடியில் மட்டும். தட்டையான கண்ணாடி வழியே பொருள் பெரிதாகத் தெரியும் என்பதால் அளவுத்திருத்தத்தைத் தண்ணீருக்குள்தான் செய்ய வேண்டும். நீளத்தை முண்டத்தின் (தலையும் கைகளும் நீங்கலான உடலின்) அளவாகக் குறியுங்கள். வேட்டைக் கைகள் ரப்பர்போல் நீள்பவை; பழைய 18 மீட்டர் கதைகள் அப்படி வந்தவைதான்.

சுற்றுச்சூழல் டி.என்.ஏ.வுக்கு (உயிரினங்கள் நீரில் உதிர்த்த மரபணுத் தடயம்) நீர் எடுப்பதாக இருந்தால், கணவாய் இரை கட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். கூடவே, வெளியிலிருந்து மாசு கலக்கவில்லை என்று காட்ட, சுத்த நீரை அதே வகைப் புது வடிகட்டியில் ஓட்டிய ஒரு மாதிரியும் வேண்டும். அது இல்லாமல் வரும் முடிவை ஏற்க முடியாது.