மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கும் கேம்பர் வேன்: கூரையை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

கோத்தகிரி

எங்களுடையது பழைய வேனைப் படுக்கை, அடுப்போடு கேம்பராக மாற்றியது. கோடை சீசன் முடிந்தால் மாதக்கணக்கில் வீட்டருகே நிற்கும். முன்பு வைத்திருந்தவர் நீலத் தார்பாயைக் கூரையோடு இறுக்கிக் கட்டி விட்டிருந்தார். மழை உள்ளே இறங்கவில்லை, உண்மைதான். ஆனால் அடியில் புகுந்த பனிமூட்டத்தின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கூரை இடுக்குகளை அடைக்கும் பசையான சீலன்ட் முழுக்கப் பாசி பிடித்திருந்தது. கயிறு தளர்ந்த ஓரத்தில் தார்பாய் காற்றில் அடித்து அடித்து, பெயின்ட் தேய்ந்து தகரம் துருவேறியிருந்தது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: தார்பாயைக் கூரையோடு ஒட்டிப் போடாதீர்கள், கூரைக்கு மேலே இடைவெளி விட்டுப் போடுங்கள். இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, ஓர் அடி இடைவெளி விட்டு, தகர ஷீட் போட்டால் இன்னும் நல்லது. காற்று ஓடினால் ஈரம் தானாகக் காய்ந்துவிடும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை அக்டோபருக்கு மேல்தான். செப்டம்பர் வெயிலில் ஏணி போட்டு ஏறி, ஸ்கைலைட் (கூரை ஜன்னல்), காற்றுப்போக்கி, சோலார் பேனல் போல்ட் என்று துளை விழுந்த ஒவ்வொரு இடத்தையும் விரலால் தடவிப் பார்ப்பேன். வெடிப்பு இருந்தால் பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது. குளியலறைச் சிலிகானை மட்டும் அவசரத்துக்குப் பூசாதீர்கள். அப்புறம் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. முன் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து வண்டியைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்தினால் தண்ணீர் தேங்காமல் பின்பக்கம் வடிந்துவிடும்.

ஊட்டி, தலைகுந்தா பக்கம்

எங்களுக்கு மழையைவிட உறைபனிதான் கவலை. வெடிப்பில் நின்ற தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. இரவில் உறைந்து பகலில் உருகி, மயிரிழை வெடிப்பு ஜனவரிக்குள் ஒழுகலாகிவிடும். வெயிலும் லேசானதல்ல. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும். நாம் இருப்பதோ 2,200 மீட்டருக்கு மேல். குளிராகத்தானே இருக்கிறது என்று விட்டால் பிளாஸ்டிக் ஸ்கைலைட் நொறுங்கிப்போகும். நீங்கள் சொன்ன மேல்ஷெட் இரண்டுக்குமே உதவுகிறது.

கொடைக்கானல்

இங்கே குரங்குதான். மரத்திலிருந்து நேராக ஸ்கைலைட் மேல் குதிக்கும். கற்பூர மரத்தடியில் நிறுத்தவே கூடாது, சருகு குவிந்து வடிகால் அடைத்துக்கொள்ளும். ஒரு சந்தேகம்: நண்பருடைய கேரவன் ரப்பர் கூரை. மரப்பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாமா?

கோத்தகிரி

வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் உப்பிப் பிரிந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். பிசினை ஊறவைத்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள், கத்தியால் சுரண்ட வேண்டாம்.