கோல்ஃப் ஜிடிஐ 1.8 டர்போ: ஷாஃப்ட் ஆடுகிறது, கோர் மட்டும் மாற்றினால் போதுமா?

நாலாம்கியர்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2001 மாடல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கார். நான்காம் தலைமுறை, 1781 சிசி, 20 வால்வு, 150 குதிரைத்திறன். பதினோரு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். டர்போ, வண்டியோடு வந்த கே03 மாடல்தான். இதுவரை கழற்றியதே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சத்தம் ஆரம்பித்தது. டர்போவின் வழக்கமான மெல்லிய விசில் எனக்கு நன்றாகப் பழக்கம், இது அது இல்லை. 3,000 ஆர்பிஎம் தாண்டினால் எங்கோ சைரன் ஊதுவதுபோல் ஏறுகிறது, காலை எடுத்ததும் இறங்குகிறது. அப்புறம் புகை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பினால் கண்ணாடியில் நீலமாக ஒரு மூட்டம். ஆயிலும் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை குறைகிறது.

நேற்று இன்டேக் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்தால், இறக்கை நுனி ஹவுசிங்கில் 'டிக்' என்று தட்டுகிறது. ஹவுசிங்கின் உள்சுவரில் பிறை வடிவத்தில் பளபளவென்று ஒரு தேய்மானம். மூன்று நான்கு இறக்கைகளின் நுனி மழுங்கியிருக்கிறது.

காட்டிய இடத்தில், "சீல் போய்விட்டது, கோர் மட்டும் மாற்றினால் சரியாகிவிடும்" என்றார்கள். கோர் என்றால் டர்போவின் இரண்டு ஹவுசிங்குக்கும் நடுவில் ஷாஃப்ட், பேரிங், சக்கரங்கள் சேர்ந்த பகுதி. அது மட்டும் போதுமா? இந்த வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கைமசை:

நண்பரே, முதலில் வண்டியை நிறுத்துங்கள். நுனி தட்டிக்கொண்டு ஓடினால் கம்ப்ரசர் சக்கரம் உடையும். உடைந்த துண்டு இன்டர்கூலரில் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) நிற்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள்.

டர்போ பழுதுபார்க்கும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். 'சீல் போய்விட்டது' என்ற பேச்சைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். இந்த டர்போவின் ஷாஃப்டில் ரப்பர் சீலே கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன உலோக வளையங்கள்தான் இருக்கின்றன. கம்ப்ரசர் பக்கம் காற்றழுத்தமும் எக்சாஸ்ட் வாயு சுற்றுகிற டர்பைன் பக்கம் எக்சாஸ்ட் அழுத்தமும் ஆயிலை நடுவிலேயே தள்ளி வைக்கின்றன. ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, அந்த அழுத்தம் குறைந்துவிடும், ஆயில் மெல்லக் கசிந்து ஹவுசிங்கில் தேங்கும். நீங்கள் கிளம்பும்போது அது எரிகிறது. சிக்னலில் மட்டும் புகை வருவதற்கு இதுதான் காரணம்.

பேரிங்கும் பந்து பேரிங் இல்லை. ஆயில் படலத்தின் மேல் மிதக்கும் புஷ். நிமிடத்துக்கு 1.5 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற ஷாஃப்டை அந்தப் படலம் ஒன்றுதான் தாங்குகிறது. அதனால் கோர் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, இந்த டர்போவுக்கு ஏன் ஆயில் போதவில்லை என்பது. அதற்குப் பதில் தெரியாமல் புதுசு போட்டால், புதுசும் இதே வழியில்தான் போகும். நான்கு மாதத்தில் இரண்டு கோர் மாற்றிவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். அதில் அடைத்திருந்தது ஒரே ஒரு குழாய்.

ஆயில் வரும் குழாயை, அதாவது ஃபீட் பைப்பை, முதலில் கழற்றுங்கள். இந்த எஞ்சினில் அது எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டை ஒட்டிப் போகிறது. முழு லோடில் எக்சாஸ்ட் வாயு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஓட்டி முடித்ததும் எஞ்சினை அணைத்தால் குழாயில் நிற்கிற ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். வருடக்கணக்கில் அது படிந்து படிந்து துளை சுருங்கிவிடும். சுத்தம் செய்யலாமா என்று யோசிக்கவே வேண்டாம், புதுக் குழாய் போடுங்கள். கீழே இறங்குகிற ரிட்டர்ன் பைப்பில் ஆயில் தன் எடையால் மட்டுமே வடிகிறது. அதில் கொஞ்சம் அடைப்பு இருந்தாலும் நல்ல டர்போவே புகைக்கும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ்களும் அவற்றின் ஒருவழி வால்வும் அடைத்திருந்தால் சம்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில், அழுத்தம் ஏறும், ரிட்டர்ன் ஆயில் இறங்காது. கடைசியாகச் சம்பை இறக்கி, ஆயில் பம்பின் சல்லடையைப் பாருங்கள். அந்த வேலை அலுப்பாக இருக்கும், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

ஹவுசிங்கில் அந்தப் பிறைக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிப் போனால் லேசாகத் தேய்த்துப் பயன்படுத்தலாம். நகம் மாட்டினால் கோர் மட்டும் மாற்றிப் பயனில்லை. இறக்கைக்கும் சுவருக்கும் இருக்க வேண்டிய நெருக்கம் போய்விட்டது, பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், வராது.

நாலாம்கியர்:

சார், சொன்னபடியே செய்தேன். கழற்ற இரண்டு வார இறுதி ஆனது. மேனிஃபோல்ட் ஸ்டட் ஒன்று உடைந்தது, அதைத் துளைத்து எடுத்தேன்.

ஃபீட் பைப்பின் ஒரு முனையில் ஊதினேன், காற்று போகவே இல்லை. மெல்லிய கம்பியை விட்டுத் திருகியபோது, அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டினால் வருமே, அதுபோல் கருப்பாகச் செதில் செதிலாக உள்ளங்கையில் விழுந்தது. விரலால் நசுக்கினால் மணல் மாதிரி நறநறத்தது. இதைத்தான் அந்த பேரிங் தின்றுகொண்டிருந்தது என்று நினைத்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட ஆயில் மாற்றத் தவறியதில்லை. ஆனால் ஓட்டி வந்த சூட்டோடு உடனே சாவியைத் திருப்புவது என் பழக்கம்தான்.

சம்பின் சல்லடை கால்வாசி அடைத்திருந்தது. பிரீதர் ஹோஸ் ஒன்று கையில் எடுத்ததும் பிளந்துவிட்டது. நகம் நன்றாகவே மாட்டியது. இன்டர்கூலரைக் கவிழ்த்ததும் அரை டம்ளர் ஆயில் ஊற்றியது, அதில் வெள்ளித்தூள் மின்னியது.

இப்போது முழு டர்போவா, அல்லது புதுக் கோரோடு வேறொரு கம்ப்ரசர் ஹவுசிங்கா? என் டர்பைன் ஹவுசிங்கில் வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்சாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் வால்வு) ஓட்டையை ஒட்டி மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது.

பின்சக்கரம்:

விரிசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேஸ்ட்கேட் இருக்கைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவில் உள்பக்கமாக மயிரிழை விரிசல் வருவது பழைய பெட்ரோல் டர்போக்களில் சகஜம். அது வெளிச்சுவருக்கோ ஃபிளேஞ்சுக்கோ போயிருந்தால், அல்லது வேஸ்ட்கேட் மூடி சரியாக உட்காராவிட்டால், ஹவுசிங் குப்பைக்குத்தான். மூடி திரும்பும் பின் (pin) தளர்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டர் கம்பியின் நட்டைத் திருகும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், பூஸ்ட் அளவு அதில்தான் இருக்கிறது. கழற்றும் முன் இரண்டு ஹவுசிங்கும் கோரோடு சேரும் இடத்தில் ஒரு பஞ்ச் குறி போட்டால், திரும்பப் பூட்டும்போது ஆயில் ரிட்டர்ன் ஓட்டை நேராகக் கீழே வரும்.

கைமசை:

தம்பி, பழக்கத்தை நினைத்து வருந்த வேண்டாம். கொதித்து வந்த வண்டியை ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக வந்தாலும் அதே பலன்தான்.

விரிசல் உள்ளேயே நின்றிருந்தால் உங்கள் டர்பைன் ஹவுசிங்கை வைத்துக்கொள்ளுங்கள். கீறல் இல்லாத பழைய கம்ப்ரசர் ஹவுசிங் ஒன்று தேடுங்கள். கோர் வாங்கும்போது, முழுதாகப் பூட்டிய பின் அதிவேகத்தில் பேலன்ஸ் செய்ததா என்று கேளுங்கள், அதன் அளவீட்டுத் தாளையும் வாங்குங்கள். தாள் தர முடியாதவரிடம் வாங்காதீர்கள். கோர் கைக்கு வந்ததும் ஷாஃப்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசையும், அது ஆயில் படலத்துக்கான இடம். முன்பின்னாக இழுத்தால் விரலுக்கு எதுவும் தெரியக்கூடாது.

ஆயில் ஃபிளேஞ்சுகளில் கேஸ்கட் பேஸ்ட் ஒரு பொட்டுகூட வேண்டாம். பிதுங்கி உள்ளே போய், பிய்ந்து, குழாயை அடைக்கும். புதுக் கேஸ்கட், புது வாஷர் போதும். இன்டர்கூலரை டிகிரீசர் ஊற்றி, தெளிவாக வரும்வரை அலசி, முழுசாக உலரவிடுங்கள். அந்த வெள்ளித்தூள் உங்கள் பழைய இறக்கைகள்தான், சிலிண்டருக்குப் போகக்கூடாது.

தகரக்கூரை:

நானும் இதே எஞ்சின் வைத்திருந்தேன். பூட்டி முடித்ததும் நேராக ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி, கம்ப்ரசர் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். அப்புறம் இன்ஜெக்டர், இக்னிஷன் இணைப்புகளைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலிலேயே சில நிமிடம் விடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். ஆயில் ஃபோக்ஸ்வாகனின் 502.00 தரம் உள்ள முழு சிந்தெட்டிக்காக இருக்கட்டும்.

நாலாம்கியர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை ஸ்டார்ட் செய்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாகவே புகைந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. சைலன்சரில் தங்கியிருந்த பழைய ஆயில்தான், தானாக அடங்கிவிட்டது. இன்று 60 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினேன், சைரன் சத்தம் இல்லை. வழியில் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் ஐடிலில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். கண்ணாடியில் ரோடு மட்டும்தான் தெரிந்தது.

500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் ஒரு முறை மாற்றிவிடப் போகிறேன். அப்போது ரிட்டர்ன் பைப் ஃபிளேஞ்சில் ஈரம் தெரிந்தால் இங்கேயே எழுதுகிறேன்.