கன மீற்றரை லீற்றராக மாற்றுவதை விளக்க உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடித் தொட்டி 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் 0.75 மீற்றர் உயரமும் உடையது. அதில் எவ்வளவு நீர் கொள்ளும் எனத் தரம் 7 இல் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். 1.5 கன மீற்றர் எனச் சரியாகக் கண்டவள், 1 மீற்றருக்கு 100 சென்ரிமீற்றர் என்ற நினைவில் 100 ஆல் பெருக்கி 150 லீற்றர் என்று எழுதிவிட்டாள். சரியான விடை 1,500 லீற்றர்.

பக்கம் 10 சென்ரிமீற்றரான சதுரமுகிப் பெட்டி 1 லீற்றர், அதாவது 1,000 மில்லிலீற்றர் கொள்ளும் என்பதையும், பக்கம் 1 மீற்றரான பெட்டிக்குள் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்துப் பத்தாக அடுக்கினால் அத்தகைய 1,000 பெட்டிகள் அடங்கும் என்பதையும் வரைந்து காட்டியும், அடுத்த கணக்கில் மீண்டும் 100 ஆலேயே பெருக்குகிறாள். வெறுமனே மனனம் செய்விக்க எனக்கு மனமில்லை. வாளி, போத்தல் கொண்டு இதை உணர்த்தும் வழி தெரிந்த ஆசிரியர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.